ஒரு சாண் குதிரைகளும் அவற்றின் எஜமானர்களும்

குதிரைப் பொம்மை விற்பது மருந்துக் கடை நடத்துவதைப் போன்றதுதான்; வருகிறவர்கள் அத்தனை பேரும் நோயாளிகள், ஆனால் மருந்துச் சீட்டை அவர்களே எழுதிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

என் கடை திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில், பஸ்கள் திரும்பும் இடத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், குடைக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. கார், கப்பல், ரயில் என்று எல்லா மாடல்களும் வைத்திருக்கிறேன். ஆனால் கடையைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் குதிரைக்காரர்கள். அச்சு அசலாகக் குதிரை போலவே ஒரு சாண் உயரத்தில் செய்து, கையால் வண்ணம் தீட்டி, நம்பர் போட்டு, சர்டிபிகேட்டோடு வரும் சரக்கு. நாகர்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்த நான் பதினொரு வருஷமாக இதை விற்கிறேன். எனக்கும் குதிரை சேர்க்கிற கிறுக்கு உண்டு. வீட்டில் நாற்பத்துச் சொச்சம் நிற்கின்றன. பிடித்தால் வைத்துக்கொள்வேன், பிடிக்காவிட்டால் விற்றுவிடுவேன். அதுதான் என் கொள்கை. அந்தக் கொள்கையின் மேல் ஏறி நின்றுகொண்டு எத்தனை பேரை மட்டமாக நினைத்திருக்கிறேன் என்பதை நீங்களே பார்ப்பீர்கள். கவுண்டருக்குப் பின்னால் நின்று, சிரித்த முகத்தோடு ஆளை எடைபோட்ட பழக்கம் உங்களுக்கும் இருந்தால் கொஞ்சம் என் பக்கம் சாய்ந்தே படியுங்கள்.

மூலை நசுங்காத டப்பா

சேஷாத்ரி சார் ரிட்டயர்டு ஆடிட்டர். கோட்டைக்குள் அக்ரகாரத் தெருவில் வீடு. இந்த ஊரில் குதிரை சேர்க்கிற பதினாலு பேருக்கும் அவர்தான் தலைவர். யாரும் தேர்ந்தெடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. கடைக்குள் வந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, எத்தனை செய்தார்கள் என்பது. ஐந்நூறு என்றால் முகம் சுளிப்பார். ஐம்பது என்றால் உட்காருவார். குதிரையின் நிறம் என்ன, நிற்கிறதா ஓடுகிறதா என்று அவர் கேட்டு நான் கேட்டதில்லை.

ஒருமுறை சாம்பல் நிறத்தில், முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரை ஒன்று வந்தது. கழுத்து நரம்பு வரைக்கும் அவ்வளவு அழகாகச் செதுக்கியிருந்தான். அதை அவருக்குக் காட்டவேண்டும் என்ற ஆசையில் டப்பாவின் சீல் டேப்பை வெட்டப் போனேன். எழுபது வயது மனுஷன், ஒரே எட்டில் வந்து என் கையைத் தடுத்தார். பிறகு பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து டப்பாவின் எட்டு மூலைகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்தார். உள்ளே இருப்பதைப் பார்க்கவேண்டாமா சார் என்று கேட்டேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“குதிரையை யாரும்மா பார்ப்பா? மூலை நசுங்காம இருக்கோன்னுதான் பார்ப்பா.”

ஓடாத குதிரை

என் மேஜைமேல் நான் விற்பனைக்கு வைக்காத குதிரை ஒன்று எப்போதும் நிற்கும். பழுப்பு நிறப் பெண்குதிரை. தலையைக் குனிந்து புல் மேய்கிற பாவனை. வலது காது நுனி உடைந்திருக்கும். இடது பின்னங்காலில் மட்டும் சாக்ஸ் போட்டதுபோல ஒரு வெள்ளைப் பட்டை. பொன்முடிக்குப் போகிற வழியில், கல்லாறில் தேன் பாட்டிலும் தொப்பியும் விற்கிற கடையில், பிளாஸ்டிக் பாம்புகளுக்கு நடுவில் கிடந்தது. நானும் என் வீட்டுக்காரரும் டீ குடிக்க நின்ற நேரத்தில் கண்ணில் பட்டு, டீயை அப்படியே வைத்துவிட்டு வாங்கிவந்தேன்.

புது பிளாட்டுக்குக் குடிபோகிற ஒருவர் மனைவியோடு வந்தார். வாஸ்துக்காரர் சொல்லி அனுப்பியபடி ஓடுகிற குதிரை ஏழு வேண்டும். ஏழும் ஒரே பக்கம் பார்க்கவேண்டும், எதற்கும் கடிவாளம் இருக்கக்கூடாது. அவர் மனைவி மட்டும் என் மேய்கிற குதிரையைக் கையில் எடுத்து, அதன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார். எனக்கு அந்தப் பெண்மேல் ஒரு மதிப்பு வந்தது. அது முழுசாக வருவதற்குள் கணவர் குதிரையை வாங்கி மேஜைமேல் திருப்பி வைத்துவிட்டுப் பாதி மலையாளத்தில் சொன்னார்:

“தலை குனிஞ்ச குதிரையை வீட்டில வெச்சா ப்ரமோஷன் வராது, கேட்டோ.”

குரூப்பில் என் குதிரை

குதிரைக்காரர்களுக்கு போனில் ஒரு குரூப் உண்டு. கடைக்காரி என்ற முறையில் என்னையும் சேர்த்திருந்தார்கள். தினமும் அதில் டப்பாக்களின் படம் வரும். டப்பாவின் முன்பக்கம், பின்பக்கம், நம்பர் போட்ட இடம். பார்த்துப் பார்த்து அலுத்து, ஒருநாள் என் கல்லாறுக் குதிரையை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்திப் படமெடுத்துப் போட்டேன். எனக்கு மிகவும் பிடித்தது என்று மட்டும் கீழே எழுதினேன்.

அரை மணி நேரத்தில் இன்னும் நாலு டப்பாக்களின் படம் வந்து விழுந்தது. பிறகு சேஷாத்ரி சார், இது சேகரிப்பாளர்களுக்கான இடம், விளையாட்டுச் சாமான்களின் படத்தைத் தயவுசெய்து போடவேண்டாம் என்று எழுதினார். ஒன்பது பேர் அதற்குக் கைகூப்பினார்கள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. கடையில் என்னோடு பத்து வருஷமாக வேலை பார்க்கிற சுஜாவிடம் போனைக் காட்டிப் புலம்பினேன். எல்லையோரத்துப் பாறசாலைக்காரி, அவளுக்குத் தமிழும் மலையாளமும் ஒன்றுதான். அலமாரியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

“அவங்களுக்குக் குதிரை வேண்டாம் சேச்சி, மத்தவன்கிட்ட இல்லாத்ததுதான் வேணும்.”

இடது பின்னங்கால்

இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. குரூப்பில் யாரோ ஒரு பழைய வெளிநாட்டுக் கேட்டலாகின் பக்கத்தைப் போட்டார். அதில் அச்சாக என் குதிரை. இந்த மாடலில் எல்லாக் குதிரைக்கும் நாலு காலும் பழுப்பு; ஆரம்பத்தில் செய்த சிலவற்றுக்கு மட்டும் தவறுதலாக இடது பின்னங்காலில் வெள்ளை அடித்துவிட்டார்கள், அவை எங்கே போயின என்று தெரியவில்லை என்று கீழே எழுதியிருந்தது. அன்று சாயங்காலமே சேஷாத்ரி சார் மாடி ஏறிவந்தார். விளையாட்டுச் சாமான் என்று சொன்ன அதே வாயால், என்ன கழுத்து, என்ன பொறுமையான நிற்பு என்று வர்ணித்தார். அவரை மனசுக்குள் காறித் துப்பினேன்.

ஆனால் அவர் போனதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? குதிரையை மேஜையிலிருந்து எடுத்துக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். சுஜா துடைக்கப் போனால் தொடாதே என்றேன். ஜன்னலில் வெயில் வந்தால் திரை போட்டேன். என் வீட்டுக்காரர் கடைக்கு வந்து அலமாரிப் பக்கத்தில் நின்று தும்மியதற்குச் சண்டை போட்டேன். நாளுக்குப் பத்துத் தடவை அலமாரிக்கு முன்னால் போய் நிற்பேன்; வெள்ளைப் பட்டை போட்ட அந்தக் காலை மட்டும் பார்ப்பேன்.

அடுத்த வாரம் சேஷாத்ரி சார் ஒரு பேச்சோடு வந்தார். முன்பு என்னிடம் வாங்கிய அந்தச் சாம்பல் குதிரையை, டப்பாவைப் பிரிக்காமலே, எனக்குத் தந்துவிடுவதாகவும் பதிலுக்கு நான் கல்லாறுக் குதிரையைத் தரவேண்டும் என்றும் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். பிடித்ததைக் கொடுக்கமாட்டேன் என்று கொள்கை பேசியிருக்கலாம். சுஜா டீ வாங்கிக்கொண்டு மாடி ஏறுவதற்குள் நான் சரி என்று சொல்லிவிட்டேன். டம்ளர்களை மேஜைமேல் வைத்த சுஜா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள்:

“இப்ப சேச்சியும் சாரும் ஒண்ணுபோல ஆயாச்சு.”

பஞ்சும் பாட்டிலும்

மாற்றிக்கொள்கிற நாளன்று சேஷாத்ரி சார் சாம்பல் குதிரை டப்பாவை வேட்டித் துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருவதுபோலத் தூக்கிவந்தார். கூடவே ஒரு சின்ன பாட்டிலும் பஞ்சும். அசல் பெயிண்ட் என்றால் இந்தத் திரவத்துக்கு அசையாது, ஒரு சம்பிரதாயத்துக்குப் பார்த்துவிடலாம் என்றார். நானும் பெருமையாகவே அலமாரியைத் திறந்து கொடுத்தேன். பஞ்சை நனைத்து வெள்ளைப் பட்டையில் ஒரு ஓரமாக ஒற்றினார். பட்டையின் வெள்ளை பஞ்சோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்சம் தேய்த்தார். உள்ளேயிருந்து பழுப்பு வந்தது, பழுப்பின்மேல் நீளமாக ஒரு கீறல். கல்லாறில் கடைக்காரன் கீறலை மறைக்க, பேப்பரில் தப்பெழுத்தை அழிக்கிற வெள்ளை மையைப் பூசியிருக்கிறான்.

எனக்கு நஷ்டம் வந்துவிட்டதுபோல ஒரு துக்கம். என் குதிரை என்னிடமே தங்கிவிட்டது என்ற சந்தோஷம் வருவதற்கு ரொம்ப நேரம் பிடித்தது, அதுவும் வெட்கத்தோடுதான் வந்தது. சேஷாத்ரி சாருக்கு அப்படி ஒரு சங்கடமும் இல்லை. கழுத்தையும் நிற்பையும் பற்றிப் பேசியவர் அவர்தானா என்று சந்தேகமாக இருந்தது. டப்பாவை மறுபடி வேட்டியில் சுற்றினார், மூலைகளை ஒருதரம் சரிபார்த்தார், படியில் இறங்கும்போது திரும்பிச் சொன்னார்:

“நான்தான் அன்னைக்கே சொன்னேனே, இது வெறும் விளையாட்டுச் சாமான்னு.”

பிரசவ வார்டுக்காரி

குதிரை மறுபடி மேஜைக்கு வந்தது. அந்த நாட்களில்தான் ஜெசிந்தா வந்தாள். குளச்சலில் பிறந்து விழிஞ்ஞத்தில் வாழ்க்கைப்பட்டவள், ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். ட்யூட்டி முடிந்து பஸ் பிடிக்க வந்தவள், கீழே போர்டைப் பார்த்து ஏறிவந்திருக்கிறாள். யாருக்கு வேண்டும் என்று கேட்டேன். எனக்குத்தான் என்றாள். எத்தனை செய்தார்கள் என்று அவள் கேட்கவில்லை. நானாகவே சொன்னபோது, சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்ததைக் கையில் எடுத்தாள். ஒவ்வொன்றையும் முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். கடைசியில் வண்டியிழுக்கிற கறுப்புக் குதிரை ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். கடையிலேயே அதிகம் கிடைக்கிற சரக்கு அது. ஏன் இது என்று கேட்டதற்கு, செத்துப்போன மாமியார் முகம் அப்படியே இருக்கிறது என்றாள். மாமியார் நல்லவளா என்று கேட்டேன். இல்லை, ஆனால் அவள் இல்லாமல் வீடு நன்றாக இல்லை என்றாள்.

நான் பில் போடும் நேரத்தில் மேஜையில் இருந்த என் குதிரையை எடுத்தாள். காதைப் பார்க்கவில்லை, காலைப் பார்க்கவில்லை. உள்ளங்கையை அதன் வயிற்றுக்கு அடியில் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். இது உங்களுடையதா என்று கேட்டாள். ஆமாம், எட்டு வருஷமாக, இதுபோல எனக்குப் பிடித்தது வேறெதுவும் இல்லை என்றேன். அவள் குதிரையைத் திருப்பி, இடப்பக்கம் வலப்பக்கத்தைவிடப் புடைத்துக் கீழே தழைந்திருப்பதையும், கனம் தாங்காமல் பின்னங்கால் ஒன்றைத் தளர்த்தி நிற்பதையும் விரலால் தொட்டுக் காட்டினாள். செய்தவன் தெரிந்துதான் செய்திருக்கிறான். பிறகு, குறை சொல்கிற தொனி கொஞ்சமும் இல்லாமல் கேட்டாள்:

“இது நிறைமாசமாக்கும் அக்கா, இத்தன வருஷத்தில நீங்க பாக்கலியா?”

ஆக, பதினொரு வருஷ வியாபாரத்தில் வாங்குகிறவர்கள் நம்பரைப் பார்த்தார்கள், நான் வாங்குகிறவர்களின் லட்சணத்தைப் பார்த்தேன், குதிரையைப் பார்க்க மட்டும் விழிஞ்ஞத்துக்கு பஸ் பிடிக்க வந்த ஒருத்தி மாடி ஏறி வரவேண்டியிருந்தது.