முதலில் வாசக்கால், கடைசியில் சுவர்

சின்னசேலத்தில் ஒரு புதுவீட்டு வேலை பாதியில் இருந்தபோது அப்பா இறந்தார். மாரடைப்பு. கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டில், காலை ஐந்து மணிக்கு. சின்னசேலம் வீட்டின் மேற்கூரைக்கு வண்ணம் முடிந்திருந்தது. சுவர்களில் மேடுபள்ளம் நிரவப் பட்டி வைத்துத் தேய்த்து பிரைமரும் அடித்தாகிவிட்டது. வாசக்காலும் ஜன்னல் சட்டங்களும் வெறும் பிரைமரோடு நின்றன.

அம்மாவின் பெயர் கண்ணகி. பத்தொன்பது வருடம் அப்பாவோடு பெயிண்ட் வேலைக்குப் போனவள். அதற்கு முன் கரும்பு வெட்டினாள். பட்டி, உப்புத்தாள், பிரைமர் எல்லாம் அவள் கை. கடைசிப் பூச்சு மட்டும் அப்பா. அதனால் வேலைக்குப் போகும் வீடுகளில் அவள் ‘வீரமணி சம்சாரம்’. படித்தது ஏழாவது வரை. வண்ண அட்டையில் எந்த நிறத்துக்கு எந்த எண் என்று பார்க்காமல் சொல்வாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் என்னிடம் சொன்னாள்: “சின்னசேலம் வேலைய நான் முடிக்கிறேன் சந்தியா. இத வுட்டா திரும்பக் கரும்பு வெட்டத்தான் போவணும்.”

அந்த வீட்டில் பால் காய்ச்சப் பன்னிரண்டு நாள் இருந்தது.

நான் ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியின் பெயிண்ட் பிரிவில் தரம் பார்க்கிறேன். அன்று உட்கார்ந்து அட்டவணை போட்டேன். அழுவதைவிட அது எளிதாக இருந்தது. முதலில் சுவருக்கு இரண்டு பூச்சு. பிறகு சட்டங்கள். ரோலர் தெறிப்பு புது எனாமலில் படாது. பத்து நாளில் வேலை முடியும்.

அம்மா தாளைப் பார்த்தாள். “நல்லாத்தான் போட்டுக்கிற. பத்தாம் நாளு வாசக்கால அடிச்சிட்டு, பன்னெண்டாம் நாளு மஞ்சள எங்க பூசறது?”

எனாமல் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஒரு வாரம் இளகலாகவே இருக்கும். எங்கள் கம்பெனியில் கார்களைச் சூடான அறைக்குள் விட்டுக் காயவைப்பதால் அது என் கணக்கில் வரவில்லை. இளகிய பெயிண்டில் மஞ்சள் இறங்கினால் போகாது. சுவரோ எப்படியும் கெடும். ஹோமப் புகை, உள்ளே ஓட்டி வரும் மாடு, நூற்றைம்பது பேரின் கைகள். அதனால் வாசக்காலையும் சட்டங்களையும் உடனே முடித்துக் காயவிட வேண்டும். சுவருக்கு இப்போது ஒரு பூச்சு, அடுத்தது விசேஷம் முடிந்தபிறகு. இதுதான் அம்மாவின் வரிசை.

அப்பாவும் இப்படித்தான் செய்வாரா என்று கேட்டேன்.

“அவரு வூட்டுக்காரரு சொல்ற மாதிரி செய்வாரு. அப்புறம் மஞ்சளச் சொரண்டறது நானு.”

பதினேழு நாளில் அப்போதுதான் நான் சிரித்தேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் போனோம். வீட்டுக்காரர் சுப்புராயன் கரும்பு விவசாயி. நாற்காலி போட்டார். அப்பாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னார். அம்மாவின் வெறும் நெற்றியைப் பார்க்காமலிருக்கத் தரையையே பார்த்துப் பேசினார்.

“வாசக்கால மட்டும் வேற ஆள வெச்சிக்கலாம்னு பாக்கறம்மா. தப்பா எடுத்துக்காத. புது வூடு.”

எனக்கு முகம் சூடேறியது. அம்மா எழுந்து போய் வாசக்காலில் கை வைத்தாள்.

“இத தேச்சதும் பிரைமர் போட்டதும் இந்தக் கைதாங்க. வேற ஆளு வெச்சிக்கங்க. ஆனா இன்னிக்கே வெச்சிக்கங்க.” ஏன் இன்றைக்கே என்பதையும் சுவருக்கு ஏன் ஒரு பூச்சு போதும் என்பதையும் நிதானமாகச் சொன்னாள்.

முகூர்த்த மாதம். சுப்புராயன் இரண்டு பெயிண்டர்களுக்குப் போன் போட்டார். இருவருமே அடுத்த வாரம் என்றார்கள். போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

அவர் மனைவி இசைவாணி உள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். “எங்க அண்ணன் வூட்டு வாசக்கால்ல எங்க அத்த வெரலு நாலும் இன்னும் மஞ்சளா கீது. அஞ்சு வருசமாச்சி. கண்ணகி, நீ ஆரம்பி.”

“ஊர்ல இன்னா பேசுவாங்க,” என்றார் அவர்.

“ஊரா வந்து சொரண்டப் போவுது?”

சுப்புராயன் உள்ளே போய் எனாமல் டப்பாவை அவரே தூக்கி வந்து வாசலில் வைத்தார்.

அம்மா கடைசிப் பூச்சுக்கு பிரஷ் பிடித்து நான் பார்த்ததில்லை. முதல் இழுப்பில் பிரஷில் பெயிண்ட் அதிகமாகிவிட்டது. ஓரத்தில் ஒழுகிற்று. துடைத்துவிட்டு மேலிருந்து மறுபடி இழுத்தாள். மூன்றாவது இழுப்பு சீராக இறங்கியது. நான் ஜன்னல் சட்டங்களைத் துடைத்துக் கொடுத்தேன். மறுநாள் மாலைக்குள் வாசக்காலுக்கும் சட்டங்களுக்கும் இரண்டாம் பூச்சும் முடிந்தது. அவை காய்ந்தபிறகு, தெறிக்காமல் தாள் பிடித்து, சுவருக்கு ஒரு பூச்சு அடித்தோம்.

விசேஷத்துக்கு இசைவாணி கூப்பிட்டிருந்தாள். அம்மா போகவில்லை. அதற்கடுத்த நாள் ரோலரோடு போனோம். ஹோமம் வளர்த்த பக்கத்துச் சுவர் கறுத்திருந்தது. இடுப்புயரத்தில் குழந்தைகளின் கைத்தடங்கள். சாணி ஒட்டிய மாட்டு வால் பட்ட ஒரு பச்சைக் கோடு. வாசக்காலில் வழிந்து காய்ந்த மஞ்சளை அம்மா ஈரத்துணியால் ஒத்தி எடுத்தாள். அடியில் எனாமல் அப்படியே பளபளத்தது. சுப்புராயன் குனிந்து பார்த்துவிட்டு, ஹாலில் இருந்த நாற்காலிகளை ஒதுக்கப் போனார்.

மதியம் அவர் போனை அம்மாவிடம் நீட்டினார். எலவனாசூர்கோட்டையிலிருந்து அவர் தங்கை வீட்டுக்காரர் பேசினார். புதுவீடு, நான்கு அறை, எப்போது வருவீர்கள் என்று கேட்டார்.

“சனிக்கெழம வந்து பாக்கறங்க,” என்றாள் அம்மா. “இங்க இன்னும் மூணு செவுரு பாக்கி கீது.”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ரோலரை நனைத்தாள்.