வெளிப்பக்கம் விட்ட தையல்

பிரசவ வார்டுக் கட்டிலில் அவள் கைகள் ஊசி முனையால் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தன. பிளேடு வைத்தால் சீக்கிரம் முடியும். ஆனால் நைந்த பழம்புடவைத் துணி, கிழிந்தால் மாற்றில்லை. குழந்தையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் பை அது. முந்தின நாள்தான் தைத்திருந்தாள். பிறந்து மூன்று நாளான மகள் நர்ஸம்மாவின் தோளில் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தாள்.

பதினோரு வருடம் சட்டைக் கம்பெனியில் காலர் தைத்தவள். ஒருமுறை இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்குக் கொடுத்த மாத்திரை, வலி போன பிறகும் அவளை விடவில்லை. ஒன்று இரண்டாகி, இரண்டு எட்டாயிற்று. பிள்ளை உண்டானது தெரிந்த அன்றே எல்லாவற்றையும் கொட்டப்போனாள். சட்டென்று நிறுத்தினால் பிள்ளைக்கு ஆபத்து என்று டாக்டர் தடுத்து, அதற்கென்றே உள்ள வேறு மருந்துக்கு மாற்றினார். தினமும் காலையில் ஆஸ்பத்திரி கவுண்டர் முன்னால் நின்று, நாக்குக்கு அடியில் வைத்து, கரையும்வரை பேசாமல் இருக்க வேண்டும். ஒரு நாள்கூடத் தவறவில்லை. தன் வாயை அடக்கியது இந்த உலகத்தில் அந்த மருந்து ஒன்றுதான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அம்மாவின் ரத்தம் வழியாகக் கிடைத்துவந்த அந்த மருந்து, பிறந்ததும் குழந்தைக்கு நின்றுபோனது. அதனால்தான் இந்த நடுக்கம், தூக்கமின்மை, பாலை உதறுவது. தாயின் மேலேயே கிடந்தால் பல பிள்ளைகள் மருந்தில்லாமலே தேறிவிடும் என்றார் நர்ஸம்மா. மறுநாளும் தேறாவிட்டால் மருந்து கொடுக்க வேறு வார்டுக்குத் தூக்கிப் போவார்கள். அங்கிருந்து குழந்தை நேரே தன் வீட்டுக்குத்தான் என்று நாத்தனார் சொல்லியாயிற்று. மாத்திரை முழுங்குகிறவளிடம் பிள்ளை தங்காதாம். மகள் அலறும்போதெல்லாம் அது நிஜம்தானோ என்று இவளுக்கும் தோன்றியது.

ஆனால் ஒன்றைக் கவனித்தாள். வெறும் மார்பில் கிடந்தால் கொஞ்சம் அடங்குகிறாள், பைக்குள் போட்டால் வீறிடுகிறாள். பைக்குள் கைவிட்டுத் தடவினாள். முதுகு படும் இடத்தில் தையல் விளிம்பு வரப்பு மாதிரி நின்றது. விளிம்பு உள்ளே, அழகு வெளியே. கம்பெனிப் பழக்கம்.

"போட்டுக்கிறவங்களுக்கு உறுத்துமேன்னு இத்தனை வருஷத்துல ஒரு நாள் நினைச்சதில்ல சிஸ்டர்."

"காலர் போட்டவங்க யாரும் இப்படிக் கத்தியிருக்க மாட்டாங்க" என்றார் நர்ஸம்மா.

விளிம்பை வெளியே விட்டு மறுபடி தைத்தாள். மகளை உள்ளே இறக்கி, தன் தோலோடு ஒட்டக் கட்டிக்கொண்டாள். கன்னம் மார்பில் பதிந்தது. நடுக்கம் சிறிது சிறிதாகக் குறைந்தது. ஒரு மணி நேரத் தூக்கம். விழித்ததும் பால். மூன்று மணிக்கொரு முறை வந்து பார்த்த நர்ஸம்மா, மறுநாள் மதியம் வார்டு மாற்றும் சீட்டை மடித்துத் தன் கோட்டுப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

எட்டாம் நாள், குழந்தை அம்மாவோடு வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். நாத்தனாரை வைத்துக்கொண்டே சொன்னார். அம்மாவின் மருந்து தொடர வேண்டும், வாராவாரம் வந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான். நாத்தனார் கொண்டுவந்த புதுப் போர்வை பிரிக்கப்படாமல் அவர் கக்கத்திலேயே இருந்தது.

இவள் பையின் தோள் முடிச்சை அவிழ்த்தாள்.

"கையெழுத்துப் போட்டுட்டு வந்து வாங்கிக்கிறேன். அதுவரைக்கும் வச்சிருங்க அண்ணி. உட்கார்ந்து பிடிங்க. தலைக்குக் கீழ கை இருக்கட்டும்."

நாத்தனார் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினார். தூங்குகிற மகளைப் பையோடு அதில் வைத்தாள்.