ஏதோ கொஞ்சம் தெரியும்

எதிர்வீட்டு ஃப்ராவ் க்ளைன் போன ஞாயிற்றுக்கிழமை ஆப்பிள் கூஹன் சுட்டுக்கொண்டு வந்து நீட்டினார். கூஹன் என்றால் கேக்தான். நான் தட்டை வாங்குவதற்குள் அவரே சொல்லிவிட்டார்: "இந்தமுறை பிரமாதமாக வந்திருக்கிறது." இந்த ஜெர்மன் ஊருக்கு வந்து இத்தனை வருடமாகியும் இது மட்டும் எனக்குப் பழகவில்லை. திருச்சி பாலக்கரையில், எங்கள் தெருவில், கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டோடு வரும் யாராவது இப்படிச் சொல்லியிருப்பார்களா? "அதிரசம் கொஞ்சம் கெட்டியாயிடுச்சுக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க" என்பார்கள். வாயில் வைத்தால் அது கரையும். ஊரில் இருக்கும் நீங்களும், இங்கே வந்து சேர்ந்த நம்மவர்களும் இதைச் சொல்லிச் சிரிப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது.

எங்கள் வீட்டில் பிள்ளையைப் புகழ்ந்தால் கண் பட்டுவிடும். நர்ஸிங் பரீட்சையில் நான் முதலாவதாக வந்தபோது, பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் கேட்டவர்களிடமெல்லாம் அம்மா "ஏதோ பாஸ் பண்ணிட்டா" என்றுதான் சொன்னாள். கன்னியாஸ்திரிகள் அதற்குத் தாழ்ச்சி என்று பெயர் வைத்து, ஜெபத்தோடு சேர்த்து ஊட்டினார்கள். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு நரம்பு அகப்படாமல் டாக்டர் வியர்த்துப்போய் நின்றால், "பிலோமினாவக் கூப்புடுங்க" என்பார்கள். போவேன், பிஞ்சுப் புறங்கையைத் தடவிப் பார்த்து ஊசியை ஏற்றுவேன், "ஏதோ கெடச்சிருச்சு டாக்டர்" என்று சொல்லிவிட்டு வருவேன். அந்த 'ஏதோ'வை எவ்வளவு எடைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எழுபதுகளின் நடுவில் இங்கே வேலையில் சேர்ந்த முதல் வாரம், எங்கள் ஓபர்ஷ்வெஸ்டர், அதாவது தலைமை நர்ஸ், என்னையும் மோனிகா என்ற உள்ளூர்ப் பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்து, நரம்பிலிருந்து இரத்தம் எடுக்க வருமா என்று கேட்டார். மோனிகா அப்போதுதான் படிப்பை முடித்திருந்தாள். "நட்யூர்லிஷ்" என்றாள். அதில் என்ன சந்தேகம், மிக நன்றாக வரும் என்று அர்த்தம். நான் "கொஞ்சம் வரும்" என்றேன். அன்றிலிருந்து அவள் கையில் ஊசி, என் கையில் பெட்பேன். மாதக்கணக்கில் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் காலையில் ஒரு கிழவரின் கையை அவள் குத்திக் குத்தி நீலமாக்கியிருந்தாள். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதார். "இவருக்கு நரம்பு மோசம்" என்றாள் மோனிகா. தனக்கு வரவில்லை என்று சொல்ல அவளுக்குத் தோன்றவே இல்லை. நான் ஊசியை வாங்கி அவருடைய இன்னொரு கையில் இரத்தம் எடுத்துக் கொடுத்தேன். ஓபர்ஷ்வெஸ்டர் பார்த்துக்கொண்டே இருந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"முதல் வாரம் கொஞ்சம்தான் வரும் என்றாயே. ஏன் பொய் சொன்னாய்?"

"பொய் இல்லை. எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்."

"அப்படியானால் உங்கள் ஊரில் நோயாளிகள் யாரை நம்புவார்கள்?"

மோனிகாவின் வாய்ச்சவடால் இவர்களுக்குத் தன்னம்பிக்கை, என் தாழ்ச்சி மட்டும் பொய்யா? அன்று பாத்ரூம் கண்ணாடியின் முன்னால் நின்று "எனக்கு மிக நன்றாக வரும்" என்று ஜெர்மனில் சொல்லிப் பழகினேன். கெட்ட வார்த்தை பேசிய மாதிரி வாய் கூசியது. ஆனால் பழகிக்கொண்டேன். பெட்பேன் போய் ஊசி வந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் லீவுக்குத் திருச்சி வந்திருந்தபோது அம்மாவுக்கு வாந்திபேதி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உடம்பு வற்றிப்போனது. டவுனில் ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் சேர்த்தோம். டாக்டர் உடனே ட்ரிப்ஸ் ஏற்றச் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். ஊசியோடு வந்தவள் வசந்தி, ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வரும் சின்னப் பெண்.

"நானும் நர்ஸ்தான். நரம்புல போட நல்லா வருமாம்மா?" என்று கேட்டேன்.

"ஏதோ போடுவேங்க சிஸ்டர்."

எனக்கு நிம்மதியாகிவிட்டது. நம் ஊர்ப் பெண், நம் ஊர்ப் பேச்சு என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். முதல் குத்தில் கை வீங்கியது. அடுத்ததிலும் வீங்கியது. அம்மாவின் கண்ணோரம் நீர் வழிந்தது. "வலிக்கலம்மா, நீ போடு" என்று அவளுக்குத் தைரியம் வேறு சொன்னாள். வசந்தி மறுபடியும் ஊசியை எடுக்கவும் நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"போடத் தெரியுமா தெரியாதா? ஒழுங்கா சொல்லு."

"ட்ரெய்னிங்ல போட்டுப் பாத்திருக்கேங்க, அவ்வளவுதான். அதான் ஏதோன்னு சொன்னேன்."

அந்தப் பெண் உண்மையைத்தான் சொல்லியிருந்தாள். அது உண்மை என்பதே எனக்குத் தெரியவில்லை. ஜெர்மனியில் தெரிந்தவளும் தெரியாதவளும் 'நட்யூர்லிஷ்' என்கிறாள், திருச்சியில் தெரிந்தவளும் தெரியாதவளும் 'ஏதோ' என்கிறாள். வார்த்தைதான் வேறு, நீலமாகிப் போவது கட்டிலில் கிடப்பவர் கை. தாழ்ச்சி என்று ஊட்டியவர்களும் தன்னம்பிக்கை என்று பாடம் நடத்துகிறவர்களும் ஒருநாள் வந்து அந்தக் கட்டிலில் படுத்துக் கையை நீட்டட்டும். அதற்குப் பிறகு எனக்குப் போதிக்கட்டும்.

"தள்ளிக்க. இது எனக்கு ரொம்ப நல்லா வரும்" என்றேன். பிறந்ததிலிருந்து தமிழில் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அறை முழுக்கக் கேட்டது. அடுத்த கட்டிலில் இருந்த ஜீயபுரத்து அம்மாள் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். அம்மாவின் கையைத் தடவித் தடவி ஒரு நரம்பைப் பிடித்தேன். மருந்து இறங்கத் தொடங்கியது.

"நல்லா போடுறீங்க சிஸ்டர்" என்றாள் வசந்தி.

"ஆமா. நல்லாத்தான் போடுவேன்."

ஜீயபுரத்து அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்க பொண்ணாங்க?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"ஆமாங்க. ஏதோ வெளிநாட்ல நர்ஸா இருக்கா. அங்க போயி பேச்சு இப்படி ஆயிடுச்சு. நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க."

ஊசி அசைந்துவிடக் கூடாது என்று அம்மாவின் கையை நான் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, எனக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.