இடது கைக்கு உயிரெழுத்து

வேணியின் வலது கை விரல்கள் மடங்காது. மயிலம் சாலையில் ஸ்கூட்டியோடு விழுந்ததில் வந்த வினை. அந்தக் கையோடு எங்கள் திண்டிவனம் ஸ்டூடியோவுக்கு வேலை கேட்டு வந்தாள். முதலாளி சீனுவாசன் மவுசைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார்.

"மவுசு வேணாம் சார். கீபோர்டு போதும்" என்றாள்.

வந்த வாரமே திரையைக் கறுப்பாக்கிவிட்டாள். ஐகான், பளபளப்பு எதுவும் கிடையாது. ஒரு பக்கம் ஃபைல் பெயர்கள், இன்னொரு பக்கம் படம். எல்லாம் கீபோர்டில்தான். இடது கைக்கு எட்டும் எழுத்துகளாகப் பார்த்து அவளே கட்டளை எழுதிக்கொண்டாள். ஏ தட்டினால் படம் ஆல்பத்துக்குப் போகும், எஸ் தட்டினால் பிரிண்டுக்கு, டி தட்டினால் குப்பைக்கு. ஆல்பம் ஒட்டும் நான் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு பசை டப்பாவைத் தேடுவதற்குள், ஒரு கல்யாணத்தையே பிரித்துப் போட்டுவிடுவாள்.

அன்றைக்குக் கண்டாச்சிபுரத்திலிருந்து பூமாலை அம்மா, மகள் கல்யாணப் படங்களைப் பொறுக்கியெடுக்க வந்திருந்தார். "சம்பந்தி மூஞ்ச திருப்பிக்கினு நிக்குது பாரு, அது வேணாம்" என்றார். வேணி டி தட்டினாள். சம்பந்தி அசையவில்லை. ஏ தட்டினாள், எஸ் தட்டினாள், ஒன்றும் நடக்கவில்லை. அம்புக்குறி மட்டும் மேலும் கீழும் போய் வந்தது.

பூமாலை அம்மா சாப்பிட்டுவிட்டு வருவதாகக் கிளம்பினார். சீனுவாசனுக்கு முகம் சிவந்துவிட்டது. ஒதுக்கி வைத்திருந்த மவுசை எடுத்து மேசையில் வைத்தார்.

"இந்தக் கறுப்பு ஸ்கிரீனே பேஜாரும்மா. அவங்க திரும்பி வர்றதுக்குள்ள சரியாவலன்னா இனிமே மவுசுதான். விழுப்புரத்துல ஒரு ஆளு வேல கேட்டுக்கினே இருக்கான்."

கெட்ட மனிதர் இல்லை. ஆனால் மவுசையும் கீபோர்டையும் ஒரே கையால் பார்க்க முடியாது; மவுசு வந்தால் வேணி வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அவள் தான் எழுதிய கட்டளை ஃபைலை அம்புக்குறியாலேயே திறந்து வரி வரியாகப் படித்தாள். ஒரு புள்ளிகூட மாறவில்லை. பிறகு, அவள் எழுதாத, அந்தப் புரோகிராமோடு கூடவே வந்த எழுத்துக் கட்டளைகளைத் தட்டிப் பார்த்தாள். அதுவும் ஓடவில்லை.

"நான் எழுதுனது மட்டும் ஓடலன்னா என் தப்பு. கூடவே பொறந்ததும் ஓடலியே. என் மேல தப்பு இல்ல சார்" என்றாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் சீனுவாசன்.

எனக்குக் கோபம் வந்தது. அவளுக்கு வரவில்லை. "நான் தட்டுறது ஒண்ணு. அதுங்காதுல இன்னா உழுதுன்னு பாக்கலாம்" என்று பெயர் தேடும் கட்டத்தைத் திறந்து ஏ, எஸ், டி என்று வரிசையாகத் தட்டினாள்.

திரையில் வந்தது: அஇஉ.

வேணி சிரித்த சிரிப்பில் தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "காலையில தமிழ்ல டைப் பண்ணது யாரு சார்?"

சீனுவாசன் தலையைச் சொறிந்தார். அவர்தான். ஒரு பேனருக்கு மணமக்கள் பெயரை அடித்துவிட்டு, கீபோர்டைத் தமிழிலேயே விட்டுவிட்டார். தமிழ் என்று காட்டும் சின்ன அடையாளத்தை அந்தக் கறுப்புத் திரை மூடிக்கொண்டிருந்தது.

"ஆங்கிலத்துக்கு மாத்திட்டா சரியாப்பூடும்" என்றார்.

"நாளைக்கும் மறப்பீங்க சார்" என்றாள் வேணி. ஆங்கிலத்துக்கு மாற்றி, கட்டளை ஃபைலில் புதிதாக வரிகள் சேர்த்தாள். அ என்றாலும் ஆல்பம்தான், இ என்றாலும் பிரிண்டுதான், உ என்றாலும் குப்பைதான். அப்போதுதான் நான் கீபோர்டைக் கவனித்தேன். தமிழில் வைத்தால் உயிரெழுத்து பூராவும் இடது பக்கம், மெய்யெழுத்து பெரும்பாலும் வலது பக்கம்.

"உயிரு பூரா உன் கைப்பக்கந்தாண்டி இருக்குது" என்றேன்.

பூமாலை அம்மா வெற்றிலை மென்றபடி வந்தார். வேணி வேண்டுமென்றே கீபோர்டைத் தமிழுக்கு மாற்றினாள். உ தட்டினாள். சம்பந்தி மறைந்தார். பிறகு பறந்தது பாருங்கள், பூமாலை அம்மா வாய் திறப்பதற்குள் படம் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

சீனுவாசன் வாசலில் நின்று விழுப்புரத்து ஆளுக்குப் போன் போட்டார். "வேணாம்பா. எங்காண்ட ஆளு இருக்குது."

வேணி திரும்பாமலே கேட்டாள்: "கூடம் நேராயிடுச்சா சார்?"

அவர் மேசையில் எடுத்து வைத்திருந்த மவுசைச் சுருட்டித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.