இருபதைத் தாண்டியும் மஞ்சள்

பியூரெட் என்கிற அளவுக் குழாயின் நுனியில் விழாமல் தொங்கிக்கொண்டிருந்த ஒரு சொட்டு அமிலம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. விடலாமா வேண்டாமா என்று திருகைப் பிடித்திருந்த விரல்கள், வெளியூரிலிருந்து தேர்வாளராக வந்திருந்த மேடத்துடையவை. எங்களுக்கு அவர் ‘எக்ஸ்டர்னல் மேடம்’. செஞ்சியில் ஒரு கல்லூரியில் நான் வேதியியல் நடத்தத் தொடங்கிய புதிது. முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் செய்முறைத் தேர்வு. கோட்டை மலைப் பாறைகள் கொதிக்கிற மாதம், ஆய்வகத்தில் கரண்டும் இல்லை. அந்தச் சொட்டைப் பார்த்துக்கொண்டு நாங்கள் எல்லோரும் நின்றிருந்தோம்.

சோதனை என்னவோ எளிதுதான். குடுவையில் சலவைச் சோடாக் கரைசல்; நிறம் காட்டுவதற்கென்று ஊற்றிய சொட்டுகளால் அது மஞ்சளாக இருக்கும். மேலிருந்து அமிலத்தை விட்டுக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் மஞ்சள் சட்டென்று இளஞ்சிவப்பாகும். அதுவரை எத்தனை மில்லி அமிலம் செலவானது என்பதை வைத்து, கரைசலில் சோடா எவ்வளவு என்று மோல் கணக்குப் போட வேண்டும். அந்த அளவுக்கு எங்கள் பிள்ளைகள் வைத்த பெயர் ‘வேல்யூ’. காலை பேட்ச் வெளியே வரும்போதே மதிய பேட்ச் வாசலில் மொய்த்துக்கொள்ளும். “வேல்யூ இன்னாடா?” “இருபது புள்ளி ஒண்ணுடா.” இதைக் காப்பியடிப்பது என்று அவர்கள் நினைப்பதே இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலத்தான் கேட்பார்கள். திட்டித் திட்டி எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

அன்று மேடம் மதிய பேட்ச்சின் தாள்களை வாங்கிப் பார்த்தார். எல்லாவற்றிலும் இருபது புள்ளி ஒன்று. ஒரே ஒரு தாளில் மட்டும் இருபத்து நாலு புள்ளி மூன்று. சன்னலோரம் நின்றிருந்த, பக்கத்துக் கிராமமான சிங்கவரத்திலிருந்து வரும் பெண்ணின் தாள் அது. ஒரு பாடத்தில் அரியர் விழுந்தாலும் காலேஜுக்குப் போனது போதும் என்று அவளுடைய நைனா கறாராகச் சொல்லியிருந்தார். அது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். மேடத்தின் கையில் சிவப்புப் பேனா திறந்திருந்தது.

“எல்லாருக்கும் இருபது வருது. உனக்கு மட்டும் ஏம்மா இருபத்து நாலு?”

“இருபதுல நிறம் மாறல மேடம். மஞ்சளாவே இருந்துச்சி. அதான் வுட்டுக்கினே இருந்தேன். திரும்பத் திரும்பச் செஞ்சேன், அதேதான் வருது.” அவள் குரல் தேய்ந்தது. “இருபதுன்னு மாத்தி எழுதிடட்டா மேடம்?”

எழுதிவிடு தாயே என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். மேடம் பேனாவை மூடினார். “இத்தன பேர் கையும் ஒரே இடத்துல நிக்காது சார்” என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவளுடைய மேசைக்குப் போய்த் தாமே குடுவையை எடுத்தார்.

அமிலம் இறங்க இறங்க எல்லோரும் சுற்றி வந்து நின்றார்கள். இருபது வந்தது; மஞ்சள். இருபதைத் தாண்டியது, அப்போதும் மஞ்சள். பின்னால் நின்றிருந்த பையன்களின் முகத்தில் ரத்தமே இல்லை. இருபத்து நாலைத் தாண்டியதும் மேடம் கையை நிறுத்தினார். நான் சொன்ன அந்தச் சொட்டு அப்போதுதான் தொங்கியது. விழுந்தது. குடுவை சிவந்தது.

காரணம் பிறகுதான் தெரிந்தது. காலையில் கரைசல் தீர்ந்துபோனதால், மதியத்துக்கு ஆய்வக உதவியாளர் வேறொரு பாட்டிலிலிருந்து புதிதாகக் கரைத்திருக்கிறார். அதன் மூடி விரிசல் விட்டிருந்தது. சலவைச் சோடாப் படிகத்தில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அதையும் சேர்த்துத்தான் ஒரு மோலின் எடையைச் சொல்கிறோம். செஞ்சி வெயில் அந்தத் தண்ணீரில் ஒரு பங்கைக் குடித்துவிட்டிருந்தது. அதனால் அதே எடையில் சோடா கூடிப்போய், அமிலமும் கூடுதலாகத் தேவைப்பட்டது. தராசிலும் பிழை இல்லை, கணக்கிலும் பிழை இல்லை. இப்போது நானே எக்ஸ்டர்னலாக ஊர் ஊராகப் போகிறேன். எல்லாத் தாளிலும் ஒரே வேல்யூ இருந்தால் மற்றவர்களுக்கு நிம்மதி, நான் மட்டும் ஒரு குடுவையை எடுத்துச் செய்து பார்த்துவிடுவேன்.

அன்று மேடம் யாரையும் திட்டவில்லை. கூடத்தைப் பார்த்துத் திரும்பினார். “எல்லாரும் எழுதினத அடிச்சிட்டு, குடுவையக் கழுவிட்டு மறுபடியும் செய்ங்க. இந்தத் தடவ கண்ணால பாத்து எழுதுங்க.” தண்ணீர்க் குழாய்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அந்தப் பெண்ணும் தன் குடுவையை எடுத்துக்கொண்டு நின்றாள்.

“நானும் செய்யணுமா மேடம்?”

மேடம் தேர்வாளருக்கென்று போட்டிருந்த நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். “நீ உக்காரும்மா.”

அவள் அதன் நுனியில் உட்கார்ந்து, அதற்குப் பிறகுதான் அழ ஆரம்பித்தாள்.