பத்தியச் சீட்டின் கடைசி வரி

எனக்கு வந்த நோயின் பெயரை ராஜபாளையத்தில் ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லை. மதுரையில் பெரிய டாக்டர் ரத்தம் எடுத்து, தொடையில் துளி சதை வெட்டிப் பார்த்து, மயோசைட்டிஸ் என்று எழுதிக் கொடுத்திருந்தார். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே தசையைப் பகையாக நினைத்து வீங்க வைக்கிற நோய். முழுதாகப் போகாது, அடக்கி வைக்கலாம். அடக்காமல் விட்டால் அழிந்த தசை திரும்ப வராது. இத்தனையையும் மூச்சுப் பிடித்துச் சொல்லி முடித்ததும் எதிரில் இருப்பவர், "அதெல்லாம் ஒன்னுமில்ல, வாயு" என்பார். பஸ்ஸில் பக்கத்து சீட்டு கான்சாபுரத்து அம்மாள் வாயு என்றார். பள்ளிக்கூட வாட்ச்மேன் வாயு என்றார். மாவு மில்காரர் ஒரு படி மேலே போய், பூண்டைப் பாலில் வேகவைத்துக் குடிக்கச் சொன்னார்.

நான் கணக்கு டீச்சர். கரும்பலகையின் மேல் பாதிக்கு என் கை போகவில்லை. தோளுக்கு மேல் தூக்கினால் ஈரத்துணி மாதிரி தொப்பென்று விழுந்தது. கீழ்ப் பாதியில் குனிந்து எழுதினால், பின் பெஞ்சிலிருந்து "மறைக்குது டீச்சர்" என்று சத்தம் வரும். தலைமை ஆசிரியை ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, ரொம்ப அன்பாக, "ஆபீஸ் வேலைக்கு மாத்திக்கிடுறீங்களா?" என்று கேட்டார். இருபது வருஷம் வகுப்பில் நின்றவளை வருகைப் பதிவேட்டுக்கு முன்னால் உட்கார வைக்கப் பார்க்கிறார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எனக்குக் கை வேண்டும், அவ்வளவுதான்.

மதுரை மாத்திரை ஸ்டீராய்டு. அதில் கை கொஞ்சம் மேலே வந்தது உண்மைதான். கூடவே முகம் பூசணிக்காய் ஆனது. ராத்திரியெல்லாம் பசித்தது, தூக்கம் போனது. போட்டோவில் என்னையே எனக்கு அடையாளம் தெரியவில்லை. அந்த மாத்திரை டப்பாவைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கும்.

அப்போதுதான் என் நாத்தனார் களத்தில் இறங்கினார். கணவரின் அக்கா, ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். "எங்க ஊர்ல ஒரு ஆயுர்வேத டாக்டர் இருக்காரு. எண்ணெயப் போட்டு நாலு நாள் உருவி விட்டார்னா நீ எந்திரிச்சு ஓடிருவ" என்றார். எனக்கு ஓட வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் போனேன்.

வைத்தியருக்கு முப்பது வயதுதான் இருக்கும். முறையாகப் படித்துப் பட்டம் வாங்கியவர். நாக்கை நீட்டச் சொன்னார், பசியை விசாரித்தார், மதுரைக் காகிதங்களை இரண்டு தடவை படித்தார். பிறகு, "இப்ப எண்ணெய் வேண்டாம்" என்றார்.

நாத்தனார் முகம் விழுந்துவிட்டது. "ஆயுர்வேதத்துல எண்ணெ இல்லாமயா?"

"சதை வீங்கிக் கெடக்கும்மா. செரிக்காத கழிவு உள்ள தங்கியிருக்குன்னு எங்க சாஸ்திரம் சொல்லும். ஆமம்னு பேரு. அது இருக்கப்ப எண்ணெயப் போட்டு அமுக்குனா வீக்கம் கூடத்தான் செய்யும். மொதல்ல பசியச் சரி பண்ணுவோம்." என் பக்கம் திரும்பினார். "மதுர மாத்திரை அதுபாட்டுக்கு ஓடட்டும் டீச்சர். கொறைக்கதா இருந்தா அவியதான் கொறைக்கணும். நான் செய்யது கூடமாட ஒத்தாசைதான்."

கசப்புக் கஷாயம், சுக்குத் தண்ணீர், மருந்துப் பொடியைத் துணியில் கட்டிச் சூடாக ஒற்றுகிற கிழி. இவ்வளவுதான் வைத்தியம். "சின்னப் பய, எண்ணெ போடப் பயப்படுதான்" என்று நாத்தனார் பஸ் ஸ்டாண்ட் வரை முனகிக்கொண்டே வந்தார்.

இரண்டாம் தடவை போனபோது எனக்கு உள்ளே கிழி ஒத்தடம் நடந்தது. வெளியே வைத்தியர் பத்தியம் சொல்ல, நாத்தனார் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். கத்தரிக்காய், கருவாடு, தயிர், புளி, மைதா, பால்கோவா, பகல் தூக்கம். கடைசி வரியில், இங்கிலீஷ் மாத்திரை. என் கணவர் அதை பிரிட்ஜ் கதவில் ஒட்டினார். மில்லில் ஷிப்ட் பட்டியல் ஒட்டுகிறவர். ஒட்டினால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்.

வைத்தியர் முதல் நாள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. சரி, மனம் மாறியிருப்பார் என்று சொல்லிக்கொண்டேன். அன்றைக்கே மாத்திரையை நிறுத்தினேன்.

ஒரு வாரத்தில் முகம் லேசாக வற்றியது. கண்ணாடி முன்னால் நின்று சந்தோஷப்பட்டேன். நாத்தனார் போனில், "ஏட்டி, நான் சொல்லல?" என்றார். அடுத்த வாரம் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. வாந்தி வந்தது. சாதத்தை வாய்க்குக் கொண்டுபோகக் கை வரவில்லை. வாய்க்குப் போனதும் தொண்டையில் இறங்கவில்லை. தண்ணீர் குடித்தால் மூக்கில் ஏறியது. எனக்குப் பயமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கணவரிடம் சீட்டைப் பிய்த்துத் தரச் சொல்லி, காரில் நேரே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு விடச் சொன்னேன். வழியில் நாத்தனாரையும் ஏற்றிக்கொண்டோம்.

உட்காருவதற்கு முன்பே வைத்தியரைத் திட்ட ஆரம்பித்துவிட்டேன். அவர் சீட்டை வாங்கி மேலிருந்து கீழே படித்தார். "கடைசி வரி நான் சொல்லலையே டீச்சர்."

எல்லோரும் நாத்தனாரைப் பார்த்தோம். அவர் முகத்தில் குற்ற உணர்ச்சியே இல்லை. "பத்தியம்னா எல்லாத்தையும் சேத்துத்தான? கஷாயம் குடிக்கப்ப இன்னொரு மருந்து உள்ள போனா ரெண்டும் சண்ட போடாதா? நீங்க சொல்ல மறந்துட்டீகன்னு நானே எழுதுனேன்."

வைத்தியர் தலையில் கைவைத்துக்கொண்டார். எனக்கு இருந்த கொஞ்ச மூச்சையும் நாத்தனாரைத் திட்டுவதில் செலவழித்தேன். நான் மூச்சு வாங்கி நின்ற இடைவெளியில் வைத்தியர், மதுரைக்குப் போன் போட்டபடியே, மெதுவாகக் கேட்டார். "இந்தச் சீட்டுல வேற எதெல்லாம் விட்டீங்க?"

என் கணவர், கேட்டதற்குப் பதில் சொல்கிற நல்ல மனுஷர், வரிசையாகச் சொன்னார். "கத்தரிக்கா விட முடியலன்னுட்டா. தயிர் இல்லாம சோறு எறங்காதுன்னுட்டா. பால்கோவா, அக்கா குடுத்து விட்டது, முந்தாநாள்தான் தீந்துச்சு. மத்தியானம் செத்த நேரம் படுப்பா. மத்ததும் எப்பவும் போலத்தான்."

"அப்ப மாத்திரைய மட்டும்தான் விட்டிருக்கீங்க" என்றார் வைத்தியர். அதில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் சண்டைக்காவது போயிருப்பேன்.

சாயங்காலம் மதுரையில் பெரிய டாக்டர் முன்னால் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கையைத் தூக்கச் சொன்னார். மடியிலிருந்து நாலு விரற்கடை எழும்பி விழுந்தது. போனது எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். பிறகு, இந்த மாத்திரையைத் திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்து என்று தெரியுமா, யார் நிறுத்தச் சொன்னது என்று சத்தம் போட்டார். நாத்தனார் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாரும் சொல்லல சார். நானேதான் நிறுத்துனேன்."

நாத்தனார் பொலபொலவென்று அழுதுகொண்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவரைக் காப்பாற்றுவதற்காக நான் சொன்னதாக நினைத்துவிட்டார். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. பிடித்த கையை உதறிவிடப் பார்த்தேன். அதற்கும் கையில் வலு இல்லை.