அபி நிற்கும் பக்கம்

இந்த ஊர்ப் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் வாசிப்பதை எட்டிப் பார்த்து வாசிக்கக் கூடாது. அயர்லாந்துக்கு வந்த புதிதில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒருநாள் காலைப் பணிக்குப் போகும்போது அருகில் இருந்த பெண்மணி ஒரு நாவலின் நடுவில் இருந்தார். நானும் இரண்டு பத்திகளைப் படித்துவிட்டு அவர் பக்கத்தைத் திருப்பட்டும் என்று காத்திருந்தேன். அவர் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, “உங்களுக்கு ஏதாவது உதவி வேண்டுமா?” என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். இறங்கும் இடத்தைக் கேட்கிறாராக்கும் என்று நான் நிறுத்தத்தின் பெயரைச் சொன்னேன். அரிமளத்திலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் டவுன் பஸ்ஸில் ஒரு செய்தித்தாளை மூன்று பேர் படிப்போம். வாங்கியவர் திருப்புவதற்கு முன் “படிச்சிட்டீங்களாக்கா?” என்று கேட்பார். நடுத்தாளை உருவிப் பின் இருக்கைக்குக் கொடுப்பதும் உண்டு. ஒருவர் படிப்பதில் இன்னொருவர் கண் வைப்பது தப்பு என்று எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியர். கணவர் அரிமளத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். மகள் அபிநயா ஏழாம் வகுப்பு படிக்கிறாள். கணவரின் அக்கா, என் அண்ணி, அவர்களோடு இருந்து வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். மூன்று பேர் தங்கும் வாடகை வீடு கிடைத்தால்தான் அவர்களை இங்கே அழைத்துவர முடியும். வீடு பார்க்கப் போகும் ஒவ்வொரு வாசலிலும் எனக்கு முன்னால் ஒரு வரிசை நிற்கிறது. அதுவரை இன்னும் மூன்று செவிலியர்களோடு ஒரே வீட்டில் இருக்கிறேன்.

அபி, வடை சுற்றி வந்த தாளை எண்ணெயோடு விரித்துப் படிக்கிறவள். கதை பாதியில் கிழிந்திருந்தால் மீதியைத் தானே சொல்லிக்கொள்வாள். ஊர் நூலகத்தில் சிறுவர் அலமாரியை முடித்துவிட்டுப் பெரியவர்கள் அலமாரிப் பக்கம் போயிருக்கிறாள். “இங்கிட்டு வராத பாப்பா” என்றாராம் நூலகர். “அப்ப அங்கிட்டுப் புதுசா வாங்கி வைங்க சார்” என்று சொல்லிவிட்டு வந்தாளாம். இதைக் கணவர் சொன்ன அன்றுதான் அவளுக்கு, கருப்பு வெள்ளைத் திரையில் புத்தகம் மட்டும் படிக்கிற ஒரு மின்வாசிப்பான் வாங்குவது என்று முடிவு செய்தேன். அவர் ஒப்பவில்லை. “டேப் வாங்கி அனுப்புனா படிப்புக்கும் ஆச்சு, படம் பாக்கவும் ஆச்சு. காசைக் குடுத்துக் கருப்பு வெள்ளை எதுக்கு?” என்றார். “படம் பாக்க முடியாதுங்கிறதுக்காகத்தாங்க அது” என்றேன்.

எதையும் ஒழுங்காகப் பார்த்து வாங்குவது என் வழக்கம். அபி கண்ணாடி போட்டிருப்பவள். கைபேசித் திரைபோல் கண்ணில் அடிக்காமல் தாள்போல் இருக்க வேண்டும். ஊரில் கரண்ட் போனாலும் வாரக்கணக்கில் சார்ஜ் நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், தமிழ் எழுத்து சரியாக வர வேண்டும். ஒரு கருவியில் கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலுமாக நின்றன. நடுவே ஒரு புள்ளி வட்டம். இன்னொன்றில் எழுத்து சரி, திரை சின்னது. அவள் கண்ணுக்கு ஏற்றபடி பெரிதாக்கினால் நம் சொற்களின் நீளத்துக்கு வரிக்கு இரண்டு மூன்றுதான் நின்றன. பெரிய திரை என்றால் ஒரு கையில் பிடிக்க முடியுமா என்ற கவலை. அவள் கையைத் தாளில் வைத்து வரைந்து, பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அதே அளவில் வெட்டிக் கடைக்குக் கொண்டுபோனேன். நான் மனத்தில் வைத்திருந்த கையைவிட அது பெரிதாக இருந்தது.

காகிதக் கையைக் கருவியின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது விற்பனையாளர் வந்தார். நல்ல மனிதர். “பள்ளி விட்டதும் அவளையே கூட்டி வாருங்களேன், பிடித்துப் பார்க்கட்டும்” என்றார். பள்ளி தூரம் என்றேன். “பேருந்து இல்லையா?” என்றார். இருக்கிறது, இவ்வளவு தூரம் வராது என்றேன். அந்தப் பகுதியின் பேருந்து வசதியைப் பற்றி அவர் வருத்தப்பட்டார். நான் திருத்தவில்லை. தமிழும் சரியாக வந்து கைக்கும் அடங்கிய ஒன்றை வாங்கி, திருச்சிக்கு விடுமுறையில் போன தோழியிடம் கொடுத்தனுப்பினேன்.

அதை என் கணக்கிலேயே பதிந்திருந்தேன். ஒரு குடும்பத்துக்கு ஒரு ரேஷன் கார்டு போதும்தானே என்று நினைத்தேன். முதலில் வாங்கிப் போட்டது கலங்கரை விளக்கத்தில் வாழும் இரண்டு சகோதரிகளின் கதை. நானும் மதிய இடைவேளையில் அதையே என் கைபேசியில் படிக்கத் தொடங்கினேன். மறுநாள் திறந்ததும் திரை என்னைக் கேட்டது: இன்னொரு கருவியில் நீங்கள் இதைவிட முன்னேறிச் சென்றிருக்கிறீர்கள், அந்தப் பக்கத்துக்குப் போகலாமா? கையில் இருந்த ரொட்டியைக் கீழே வைத்தேன். அபி அங்கே ராத்திரி எதுவரை படித்தாளோ அந்தப் பக்கம் என் கையில் இருந்தது. அந்த இயந்திரத்துக்கு நாங்கள் இருவரும் ஒரே ஆள். இங்கே கொஞ்சம் படித்து, அங்கே கொஞ்சம் படிக்கிற ஒருத்தி.

பிறகு அதுவே என் பழக்கமாயிற்று. தினமும் கதைக்கு முன் அவள் பக்கத்தைத்தான் பார்ப்பேன். வேகமாக நகர்ந்திருந்தால் வீட்டுப்பாடம் குறைவு. கொஞ்சமாக நகர்ந்திருந்தால் பரீட்சை. ஒரே இடத்தில் நின்றால் கணவர் சாயங்காலம் தன் கைபேசியிலிருந்து அவள் கருவிக்கு நெட்டைத் திறந்துவிடவில்லை என்று பொருள், அழைத்து நினைவூட்டுவேன். “சாப்பிட்டியா?” என்று கேட்கிற இடத்தில் “தங்கச்சி படகுல ஏறிட்டாளா?” என்று கேட்டேன். “ஒனக்கு எப்படிம்மா தெரியும்?” என்று முதலில் சிரித்தாள். அடுத்தடுத்து சிரிப்பு குறைந்ததை நான் குறித்துக்கொள்ளவில்லை.

காலாண்டு விடுமுறை வந்தது. இனி பக்கங்கள் ஓடும் என்று எதிர்பார்த்தேன். ஓடவில்லை. அன்றும் நகரவில்லை, மறுநாளும் நகரவில்லை. கணவரை அழைத்தால் நெட் இருக்கிறது என்றார். “காய்ச்சலா?” “நல்லாத்தான் இருக்கா.” “யாராச்சும் திட்டினீங்களா?” “ஆத்தாடி, ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல.” அவர் பதிலில் நம்பிக்கை வராமல் அண்ணியை அழைத்தேன், எடுக்கவில்லை. டியூசன் மிஸ்ஸுக்குச் செய்தி அனுப்பினேன்: அபி சரியாக இருக்கிறாளா, ஏன் படிப்பதில்லை? அன்று ஒரு முதியவருக்கு மாத்திரை கொடுக்கும்போது அட்டையை இருமுறை சரிபார்த்தும் மனம் நிற்கவில்லை. மூன்றாம் முறையும் பார்த்தேன்.

அண்ணியே திரும்ப அழைத்தார். “என்னம்மா நீ, ஊருக்கெல்லாம் போன் போட்டிருக்க? சரஸ்வதி பூசை இல்ல நேத்து! அவ பொஸ்தகத்தையெல்லாம் அடுக்கி அதையும் மேல வச்சேன். சந்தனம் குங்குமம் வச்சு, பூப் போட்டிருந்துச்சு. சாமிகிட்ட வச்சதை எடுத்துப் படிக்கலாமா? இன்னிக்கிப் பூசை முடிச்சு இப்பத்தான் எடுத்திருக்கா.”

எந்த நாளையும் தவறவிடாதவள் நான். பூஜை வந்ததும் போனதும் எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. நானும் சின்ன வயதில் அந்த ஒரு நாள் மட்டும் படிக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னதால் கடலைப் பொட்டலத்தை ஒளிந்து படித்தவள்தான். அங்கே வீடு கழுவிப் பொரியும் சுண்டலும் படைத்த நேரத்தில், நான் ஒரு பக்க எண்ணை வைத்து என் பிள்ளைக்கு நோய் தேடிக்கொண்டிருந்தேன்.

அண்ணி போனை அபியிடம் கொடுத்தார். திரையில் பூசிய சந்தனத்தைக் கண்ணாடி துடைக்கும் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாளாம். “சரஸ்வதிக்கு உன் மேல கோவம் இல்லையே?” என்று விளையாட்டாக ஆரம்பித்தேன். அவள் விளையாடவில்லை.

“அம்மா, அப்பா கேக்குறாரு, அத்தை கேக்குறாங்க, மிஸ்ஸும் கேக்குறாங்க, ஏன் படிக்கலையாம்னு. நான் சும்மா ஒக்காந்திருந்தாக்கூட ஒனக்கு அங்க தெரியுமா?”

“தெரியாதுடா. பக்கம் மட்டுந்தான்.”

“அதான். ஒருநாள் படகு வர்ற எடத்தையே திரும்பத் திரும்பப் படிச்சேன். ஏன் அங்கயே நிக்கிறன்னு கேட்ட. அதுக்கப்புறம், நீ பாப்பியேன்னு பக்கத்தைச் சும்மா தள்ளிவிட்டுட்டுப் படுத்துடுவேன். நான் படிக்கவே இல்லம்மா அதை.”

நான் தினமும் மகிழ்ந்து பார்த்த பக்கங்களில் எத்தனை அப்படித் தள்ளிவிடப்பட்டவை என்று கேட்கத் துணியவில்லை.

“எனக்குன்னு தனியா வச்சுக் குடு. திட்டாத. நான் படிச்சிட்டு நானே சொல்றேன்.”

திட்டவில்லை. அடுத்த விடுமுறை நாளில் உட்கார்ந்து அவளுக்கென்று ஒரு கணக்கு தொடங்கினேன். குடும்பம் என்று ஒரு வசதி இருந்தது. சேர்த்துக்கொண்டால் நான் வாங்கிய கதைகளை அவளும் படிக்கலாம். பெயர், வயது, உறவு எல்லாம் கொடுத்தேன். நாடு கேட்டது. அவளுக்கு இந்தியா என்று போட்டேன். ஒரே நாட்டில் இருப்பவர்களைத்தான் ஒரு குடும்பமாகச் சேர்க்க முடியும் என்று பதில் வந்தது. அவளுக்கு அயர்லாந்து என்று போட்டால் பொய். எனக்கு இந்தியா என்று போட்டாலும், பூஜை நாளை மறந்த பிறகு, அது எவ்வளவு உண்மை என்று தெரியவில்லை. இரண்டையும் இருக்கிறபடியே விட்டேன். அவள் கருவியை என் கணக்கிலிருந்து நீக்கி, கதைகளை அவளுக்குத் தனியாக மறுபடி வாங்கினேன்.

இப்போது மதிய இடைவேளையில் கதையைத் திறந்தால் நான் விட்ட இடத்திலேயே திறக்கிறது. எதுவும் கேட்பதில்லை. அந்தப் பக்கத்தைத் தாண்டி யாரும் போகவில்லை என்று என் கைபேசி நினைக்கிறது. அதற்கு அப்பால் எங்கோ ஒருத்தி, படகு வரும் இடத்தை வேண்டுமட்டும் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, மெதுவாகப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.